மதகடிப் பிள்ளையார் வந்த விதம்

தேத்தண்ணீரைச் சூட்டோடு குடியுங்கள், ஐயா. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் சவர் இருக்கிறது. ஆறினால் நாக்கில் தெரியும். என் பெண்சாதி நாகேஸ்வரி சீனி குறைத்துத்தான் போடுவாள், காணாவிட்டால் சொல்லுங்கள்.

காரியாதிகாரியே நேரில் வந்து விசாரிக்கிற அளவுக்கு இது பெரிய விஷயமாகும் என்று நான் நினைக்கவில்லை. மதகடிப் பிள்ளையாருக்குக் கோயில் கட்ட இடம் கேட்டு ஊர்ச்சனம் உங்களுக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். இடமோ தெருக்கரை, அரசாங்கத்துக்குச் சொந்தம். பிள்ளையார் அங்கே எப்படி வந்தார் என்று தெரிந்தால்தானே நீங்கள் மேலே எழுதலாம். எங்கள் ஊர் விதானையார் உங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறார். சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறார். பிள்ளையார் வந்த விதம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், கொடிகாமத்துக்குப் பக்கத்தில். எங்கள் வளவுக்குத் தெரு கிடையாது. முன்வளவுக்காரரின் காணிக்குள்ளால் ஓர் ஒழுங்கை, அதுதான் எங்களுக்கு வழி. காணி உறுதியில் வழிவாய்க்கால் பாத்தியதை என்று வடிவாக எழுதியிருந்தது. எழுதியிருந்து என்ன? ஒரு நாள் வழியில் விறகு அடுக்குவார். இன்னொரு நாள் மாடு கட்டுவார். கேட்டால், "இந்தா, இப்ப எடுக்கிறன்" என்பார். அந்த ஒழுங்கைக்காகத் தகப்பனார், எங்கள் அப்பு, வழக்குக்கென்று கோட்டுக்கு நடந்து நடந்தே தேய்ந்துபோனார். அவர் செத்த அன்று பாடையை வேலிக்கு மேலால் தூக்கித்தான் கொண்டுபோனோம். அன்றைக்கும் ஒழுங்கையில் முன்வளவுக்காரரின் வண்டில் நின்றது.

அதனால்தான் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தேன். மற்றவர்கள் மண்ணைப் பார்த்தார்கள், வாய்க்கால் கிட்டவா தூரவா என்று பார்த்தார்கள். நான் தெருவைப் பார்த்தேன். இந்தத் துண்டுக்கு முன்னால் நேரே தெரு. யாருடைய வளவையும் மிதிக்காமல், யாரையும் கேளாமல் உள்ளே வரலாம், வெளியே போகலாம். வந்து காடு வெட்டினபோது குடிசை போடுவதற்கு முன்னரே வாசலுக்குப் படலையைத்தான் போட்டேன். நாகேஸ்வரி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். வீடில்லாத வளவுக்குப் பாலைமரத்தில் படலை போட்டவர் இவர் ஒருவர்தான் என்பாள்.

காலையில் எழும்பிப் படலைக்கு வெளியே தெருவையும் கூட்டி, தண்ணீர் தெளித்து, படலையைத் திறந்துவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன். முன்னால் வெறும் தெரு. வேறொன்றும் எனக்கு வேண்டியதில்லை. கள்ளில்லை, சீட்டாட்டமில்லை. நாகேஸ்வரியைக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து வளவு தவராசாவுடையது. அவனைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது, நல்ல பொடியன். பளைப் பக்கத்து ஆள். வந்த காலம் தொட்டு என்னை அண்ணை என்பான், நாகேஸ்வரியை மச்சாள் என்பான். விதைப்புக் காலத்தில் என் மாடு ஒன்று கால் நொண்டிப் படுத்தபோது கேளாமலே வந்து என் வயலை உழுதுவிட்டுப் போனான். நாகேஸ்வரிக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பினபோது, தன் டிராக்டர்ப் பெட்டியில் பாயைப் போட்டு ஏற்றிக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். டாக்குத்தர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிராது என்றார். நியாயத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

அவனிடம் ஒரு பழைய உழவு டிராக்டர் இருந்தது. அதன் பற்றறி செத்துப் பல காலம். தள்ளினால் அல்லது சரிவில் உருட்டினால்தான் ஸ்ரார்ட் வரும். இந்தத் தெருவிலே சரிவு எங்கே இருக்கிறது? மதகடியிலிருந்து என் வேலி முடியுமட்டும்தான். அவன் வளவுக்கு முன்னால் தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே மதகடி மருதமர நிழலில், மூக்குச் சரிவைப் பார்க்க, முன்பாதி என் படலையின் ஓரத்தை மறைக்க, அதை நிறுத்துவான். பிறேக்கும் பிடியாது. பின்சில்லுக்கு முன்னால் ஒரு கருங்கல்லை அடை வைப்பான். காலையில் கல்லைத் தட்டிவிட்டு ஏறியிருந்தால் தானாக உருண்டுபோய்ப் பிடிக்கும்.

முதலில் நல்லவிதமாகத்தான் சொன்னேன். "தம்பி, படலைக்கு முன்னாலை கொஞ்சம் இடைஞ்சலாக் கிடக்கு" என்றேன்.

"என்ன அண்ணை இடைஞ்சல்? உங்கடை வண்டில் போகக்கூடிய இடம் கிடக்குத்தானே," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "தெரு கவுண்மேந்தின்ரை. வெள்ளாமை வெட்டினதும் புதுப் பற்றறி ஒண்டு போடுறன், பிறகு என்ரை முத்தத்திலையே விடுறன்."

வெள்ளாமை வெட்டியது. அவன் இராசமலருக்குத் தையல் மெசின் வாங்கிக் கொடுத்தான். பெண்சாதிமேல் அன்பான பொடியன். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

விதானையாரிடம் போனேன். அவர் வந்து பார்த்தார். என் வீட்டில் ஒரு தேத்தண்ணீர், அவன் வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடித்தார். "கனகலிங்கம், தெருவிலை நிப்பாட்டாதை எண்டு சொல்ல எனக்குச் சட்டமில்லை. பக்கத்து வளவுக்காரர், ஆளையாள் விட்டுக்குடுத்துப் போங்கோ," என்றார். அப்புவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். விட்டுக்கொடு என்பவர்கள் எவருக்கும் வழி மறிபட்டிருக்காது, கவனித்துப் பாருங்கள்.

பிறகு என் வண்டிலை முந்திக்கொண்டு மருதமரத்தடியில் விட்டுப் பார்த்தேன். அவன் வயலால் வந்து, வண்டிலைப் பக்குவமாகத் தள்ளிக்கொண்டுவந்து என் முற்றத்திலே விட்டு, நுகத்தடிக்கு முண்டும் கொடுத்துவிட்டுப் போனான். "வெய்யிலுக்கை கிடந்தது அண்ணை, சில்லு வெடிச்சுப்போம்," என்றான். அப்படிப்பட்டவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நாகேஸ்வரி அவனுக்கு மோர் கொடுத்தாள்.

இனித்தான் நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வன்னியில் காட்டுக்குள் இறங்கும்போது இலையோடு ஒரு குழையை முறித்து வழியோரத்துக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கல்தான் பிள்ளையார். ஆனைக்கும் கரடிக்கும் அவர்தான் பொறுப்பு. குழை வைத்த கல்லை ஒருவரும் தொடமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு இந்த வழக்கம் புதிது. புதிதாகப் பழகியவர்களுக்குப் பயம் கூட. காட்டுக்காரர் ஒரு குழை வைத்தால் எங்கள் ஆட்கள் ஒரு கட்டே வைப்பார்கள்.

ஒரு நாள் காலையில் தவராசா உழப் போய்விட்டான். அடைகல் தெருவோரத்தில் கிடந்தது. அதை எடுத்துக் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். எண்ணெய்க்கறை எளிதில் போகவில்லை, அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நல்ல வழுவழுப்பான கல். மருதடி வேருக்கு நடுவில் நட்டு, திருநீறு பூசி, ஒரு வேப்பங்குழையை முறித்து முன்னால் வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். இது பிள்ளையார் என்று யாருக்கும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நெடுங்கேணிப் பக்கத்து ஆள் ஒருவர் விறகு வண்டிலோடு வந்தார். கல்லைக் கண்டதும் வண்டிலை நிறுத்தி, இறங்கி, குழை முறித்து வைத்துக் கும்பிட்டார். அவர் பின்னால் வந்தவர் அதைப் பார்த்து வைத்தார். மதியத்துக்கு முன்னே மருதடியில் ஆடு கட்டலாம் போல குழை குவிந்துவிட்டது. நாகேஸ்வரி குசினிக்குள்ளிருந்து ஓடிப்போய் விளக்கு வைத்தாள். நான் தடுக்கவில்லை.

பின்னேரம் தவராசா வந்தான். டிராக்டரைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். குந்தியிருந்து பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"அண்ணை, இது என்ரை கல்லெல்லோ?"

"ஆற்றை கல்லாய் இருந்தால் என்ன தம்பி, குழை வைச்சாச்சு."

அவன் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, இவ்வளவு காலமும் அவரையெல்லோ நான் சில்லுக்குக் கீழை வைச்சிருந்தனான்," என்றான். கல்லை நட்டது ஒரு மனிதனாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கடைக்கு ஓடிப்போய்த் தேங்காய் வாங்கிவந்து உடைத்தான். இராசமலரையும் கூட்டிவந்து கும்பிட வைத்தான். எனக்கு மனம் நிறைந்திருந்தது. இனி இந்த இடத்தில் டிராக்டர் நிற்காது என்று நம்பினேன்.

அங்கேதான் நான் பிழை விட்டேன், ஐயா. நீங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் உங்கள் ஜீப் நிற்கும் அல்லவா? எல்லாருடையதும் நிற்கும். தெருக்கரையில் பிள்ளையார் இருந்தால் வாகனம் நிற்கத்தான் செய்யும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். என் படலைக்கு முன்னால் ஒன்றும் நிற்கக்கூடாது என்று பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்த மடையன் நான் ஒருவன்தான். விறகு வண்டில், நெல் வண்டில், சங்கத்து லொறி, ஒரு நாளைக்கு வஸ் கூட. இறங்கி, குழை வைத்து, கும்பிட்டு, என் படலைத் தூணில் சாய்ந்து நின்று சுருட்டும் பற்றவைத்தார்கள்.

தவராசா மரத்தடியை விட்டது உண்மைதான். பிள்ளையாருக்கு மரியாதை கொடுத்துக் கீழே தள்ளி நிறுத்தினான். கீழே என்றால் எது? நேரே என் படலை வாசல். முன்னர் ஓரத்தை மறைத்தது, இப்போது முழுவதையும் மறைத்தது. "பிள்ளையாற்றை காவலிலை நிக்கட்டும் அண்ணை. விடிய நீங்கள் எழும்ப முன்னம் எடுத்துப்போடுவன்," என்றான். கல்லுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையை அடை வைத்தான். இன்னொரு கல் எடுக்கப் பயம். எந்தக் கல்லுக்குள் யார் இருப்பார்களோ என்றான்.

நான் எழும்புவதற்கு முன் எப்போதும் எடுத்தான் என்று சொல்ல முடியாது. காலையில் படலையைத் திறந்தால் முன்னால் பெரிய சில்லு. சில்லுக்கும் தூணுக்கும் இடையே உடம்பைச் சரித்துக்கொண்டுதான் என் வளவிலிருந்து நான் வெளியே வர வேண்டும். சட்டையில் கிறீஸ் பிடிக்கும். நாகேஸ்வரி தோய்த்துப் போடுவாள். ஒரு நாள், "ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்? அந்தப் பொடியன் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை," என்றாள். அவள் சொன்னது உண்மை.

அன்றைக்கு என் வயலுக்குத் தண்ணீர் முறை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தேன். டிராக்டர் வழக்கம்போல் வாசலில் நின்றது. அதன் கீழே தவராசா மல்லாந்து கிடந்தான், கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. ஏதோ கழன்றுவிட்டது, சாவியால் முறுக்கிக்கொண்டிருந்தான். நான் சில்லுக்கும் தூணுக்கும் இடையால் வெளியே வர, மண்வெட்டி இரும்பில் தட்டுப்பட்ட சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஆர், அண்ணையோ? கட்டை இறுக்கமாய்க் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். கட்டை இறுக்கமாகத்தான் கிடந்தது. "ஓம் தம்பி, கிடக்குது," என்றேன். அது பொய் இல்லை, ஐயா. அவன் கேட்டபோது கட்டை அங்கேதான் கிடந்தது. எவருக்கும் நான் பொய் சொன்னதில்லை.

பிறகு மண்வெட்டிப் பிடங்கால் அதைத் தட்டினேன். ஒரு தட்டில் வரவில்லை. அவன் உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இன்னொன்று தட்டினேன், வந்துவிட்டது. டிராக்டர் அவசரப்படவில்லை. மெல்ல உருண்டு, பெரிய சில்லு ஏறி இறங்கி, சரிவின் அடியில் என் வேலியில் முட்டி நின்றது. வேலிக் கதியால் சில முறிந்தன. நானே புதிதாக நட்டுக்கொண்டேன், இராசமலரிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

படலைக்கு முன்னால் வெறும் தெரு. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகுதான் சனம் ஓடிவந்தது.

என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளையாரைச் சில்லுக்குக் கீழே வைத்தவன், சில்லுக்குக் கீழேயே போனான் என்றார்கள். பொலிசு வந்து அளந்துவிட்டு, தேங்காய் உடைத்துவிட்டுப் போனது. இராசமலர் என்ன செய்தாள் தெரியுமா? துடக்குக் கழிந்ததும் மருதடிக்கு வந்து, புருஷன் அறியாமல் செய்த குற்றத்தைப் பொறுக்கச் சொல்லி விழுந்து அழுதாள். இப்போதும் நாள் தவறாமல் விடியப் பார்த்துக் கூட்டித் தெளிக்கிறாள். என் படலை வாசலையும் சேர்த்தே கூட்டுகிறாள், அந்த வேலை எனக்கு மிச்சம். பாவம், ஒரு நாள் என் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். கடைசியாய் அவரோடை கதைச்சது நீங்கள்தானே அண்ணை, ஏதும் சொன்னவரோ என்று கேட்டாள். கட்டையைப் பார்க்கச் சொன்னார், கட்டை இறுக்கமாகத்தான் கிடந்தது என்றேன். அதுவும் உண்மைதானே.

அதோடு பிள்ளையாரின் பெயர் முல்லைத்தீவு மட்டும் போய்விட்டது. கேட்டதைக் கொடுப்பார், செய்த குற்றத்துக்கு அடிப்பார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மீன் லொறிக்காரர் யோசெப், வேதக்காரர், அவர்கூட நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகிறார். எதற்கும் இருக்கட்டும் என்கிறார். ஒரு டிராக்டர் நின்ற இடத்தில் இப்போது விடிந்தால் பொழுதுபட்டால் வண்டில். மாடு என் வாசலில் சாணி போடுகிறது. இப்போது கோயிலும் வரப்போகிறதாம். கோயில் வந்தால் திருவிழா வரும், திருவிழா வந்தால் கடலைக்காரி வருவாள், கார் வரும். என் படலை இனி என் ஆயுளில் திறக்காது. இதில் கோயில் சபைக்கு என்னையே தலைவராக இருக்கச் சொல்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் விதானையாரிடம் போய்ச் சொன்னேன். "அது சாமி இல்லை, தவராசாவின் அடைகல். நட்டது நான்," என்றேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எத்தினை பேர் இருக்க உன்னையெல்லோ பிடிச்சு வந்திருக்கிறார், கனகலிங்கம். நீ குடுத்து வைச்சனி," என்றார். அடைகல்லாக இருந்தும் இவ்வளவு வல்லமை இருந்தபடியால்தானே தவராசாவைக் கொண்டுபோனார் என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

அப்போதுதான் விளங்கியது, பாதி உண்மை சொல்லிச் சரிவராது. கல்லை நட்டது நான் என்றால் மட்டும் காணாது, கட்டையைத் தட்டியதும் நான் என்று சொன்னால்தான் பிள்ளையாருக்கு வல்லமை இல்லை என்று ஆகும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தவராசாவைப் பிள்ளையார் கொல்லவில்லை. கனகலிங்கம் என்கிற நான்தான் கொன்றேன். அந்த மண்வெட்டி குசினிக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போங்கள். இதை மேலே அனுப்பினால் கோயிலுக்கு இடம் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? கல்லைப் பிடுங்கிவிடுவார்கள் அல்லவா? எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

நீங்கள் ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள்? தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று, கீழே வையுங்கள். நான் கோபக்காரன் இல்லை, ஐயா. யாரோடும் சண்டைக்குப் போகிற பழக்கமும் இல்லை. பொலிசுக்கு இப்போதே வரச் சொன்னாலும் வருகிறேன், வேட்டியை மாற்றிக்கொண்டால் சரி. போவதற்கு முன்னால் உங்கள் ரைவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தத் தம்பி ஜீப்பைப் படலைக்குக் குறுக்காக விட்டுவிட்டு, அதற்கு முன்னால் சரிவில் குந்தியிருந்து வெற்றிலை போடுகிறார். நீங்கள் வந்த நேரம் தொட்டு நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.